காதின் சாட்சி

ஐந்தடி நீளமுள்ள ஒரு மின்கம்பியே இக்கட்டுரைக்குக் காரணம். இத்துணை அற்பமான பொருளைப் பற்றி இத்தனை பக்கங்களா என்று வாசகர் முகஞ் சுளிக்கலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அக்கம்பி கடைசியில் என்னைக் கொண்டு சென்று நிறுத்திய இடம் அற்பமானதன்று. ஒருவன் தன் புலன்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? அந்த நம்பிக்கையைப் பிறர் வாழ்வின்மீது தீர்ப்பாகச் செலுத்த அவனுக்கு உரிமை உண்டா? ஆசிரியத் தொழில் செய்யும் எவரும் தப்பிச் செல்ல முடியாத வினாக்கள் இவை.

கண்டி நகரின் விளிம்பில், ஹந்தானை மலைச்சரிவை நோக்கியிருக்கும் ஒரு வாடகை வீட்டில் வாழ்கின்றேன். என் வீட்டில் ஆடம்பரம் என்று சொல்லத்தக்கது ஒன்றே: பழைய இசைத்தட்டுக்களை ஓட்டும் ஒரு பெட்டியும், அதனுடன் சேர்ந்த விரியலாக்கியும், இரண்டு ஒலிபெருக்கிகளும். விரியலாக்கியைச் சுவரிலுள்ள மின்குதையுடன் இணைக்கும் கம்பியை மாற்றினால் இசையே மாறிவிடும் என்று இத்துறையில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவர் என்னிடம் அடிக்கடி சொல்லுவார். வெளிநாடுகளில் இதற்கென்றே தனிக் கம்பிகள் விற்பனையாகின்றன. ஆயிரக்கணக்கான டொலர் விலையுள்ளவையும் அவற்றுள் உண்டு. இலங்கையிலே ஆசிரியச் சம்பளம் பெறும் ஒருவன் அத்தகைய பொருளைக் கனவிலும் வாங்க இயலாது. ஆகவே என் கையாலேயே ஒன்றைச் செய்துவிடுவதென்று தீர்மானித்தேன்.

கொழும்பு வீதியில் ஒரு மின்சாமான் கடைக்குப் போய், இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள மூவிழைக் கம்பியைக் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். “அது இந்தத் தலைக்குள்ள போகாது, சேர். ஒன்றரையே தாராளம்” என்றார். அவர் சொன்னது சரி. ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர்க் கம்பியையே அந்தத் தலையினுள் நுழைப்பதற்கு ஒரு மாலைப் பொழுது சென்றது. கபில நிறமுள்ளது உயிர்க்கம்பி, நீல நிறமுள்ளது நொதுமற்கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி. வெளியுறையைச் சீவும்போது உள்ளிழைகளில் கத்தி பட்டுவிடக் கூடாது. செம்பு நார்களில் ஒன்றேனும் திருகாணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. புவிக்கம்பியை மற்ற இரண்டினும் சற்று நீளமாக விட வேண்டும். யாரேனும் காலிடறிக் கம்பியை இழுத்துவிட்டால் கடைசியாக அறுந்து போவது அதுவாகவே இருக்க வேண்டும் என்பதே காரணம். பிளக்கினுள் 13 அம்பியர் உருகியை எடுத்துவிட்டு, இச்சிறு கருவிக்குப் போதுமான 3 அம்பியர் உருகியை வைத்தேன். மானியால் ஒவ்வோரிழையையும் சோதித்தேன். ஈற்றிலே கறுப்பு நூலுறையொன்றை மேலே போர்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பேனாவும் சுண்ணக்கட்டியும் அன்றி வேறு கருவி பிடித்தறியாத கைகள், முதன்முறையாக ஒரு பொருளைச் செய்து முடித்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அன்றிரவு ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத் தட்டொன்றைப் போட்டேன். இசை மாறியிருந்தது! பிருகாக்களுக்கிடையே கலைஞர் இழுக்கும் மூச்சு முன்னெப்போதும் கேளாத தெளிவுடன் கேட்டது. தவில் தனியே, தாளம் தனியே நின்றன. நண்பர் சொன்னது மெய்யே என்று நள்ளிரவுவரை வியந்திருந்தேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதனைப் பெருமையோடு கூறினேன். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை பொறுமையுடன் கேட்டிருந்துவிட்டு, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஐந்தடிக் கம்பியிலே மின்னோட்டம் போய்த் திரும்பும் தூரம் மூன்று மீற்றர். பழைய கம்பியின் இழை முக்காற் சதுர மில்லிமீற்றர். அதன் தடை ஏறத்தாழ 0.07 ஓம். புதிய கம்பியின் தடை அதிற் பாதி. கருவி அரை அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளுமானால், இரண்டு கம்பிகளுக்குமிடையே உள்ள வேறுபாடு ஒரு வோல்ற்றின் ஐம்பதிலொரு பங்குக்கும் குறைவு. வீட்டுக்கு வருவதோ 230 வோல்ற்று. மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றும் நேரத்தில் அதுவே பல வோல்ற்றுக்கள் ஏறி இறங்கும். மேலும், அந்த மின்சாரம் நேரே இசையாக மாறுவதில்லை. நிலைமாற்றி அதன் அழுத்தத்தைக் குறைக்கின்றது. சீராக்கி ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குகின்றது. கொள்ளளவிகள் அதன் மேடுபள்ளங்களை நிரவுகின்றன. அதற்குப் பின்னரே இசையின் வேலை தொடங்குகின்றது.

“கணக்கு அப்படிச் சொல்லலாம், டீச்சர். நான் என் காதாலே கேட்டேனே!” என்றேன்.

“அப்படியானால் காதையே கேட்டுப் பார்ப்போம்” என்றார் அவர்.

இரண்டு மாலைகள் அவரும் அவர் கணவரும் என் வீட்டுக்கு வந்தனர். கருவியின் பின்புறத்தை ஒரு துணியால் மறைத்தனர். ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கேற்பப் பழைய கம்பியையோ புதிய கம்பியையோ பொருத்தினர். அதே தட்டு, அதே பகுதி, அதே ஒலியளவு. பதினாறு முறை கேட்டேன். பதினாறு முறையும் தயக்கமின்றி விடை சொன்னேன். ஒன்பது விடைகள் சரியாயிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலும் எட்டுச் சரியாயிருந்திருக்கும்.

அன்றிரவு நான் அடைந்த நாணம் பெரிதன்று. அதைவிடக் குழப்பமே பெரிது. நான் பொய் சொல்லவில்லை. அந்த மூச்சை உண்மையாகவே கேட்டேன். அப்படியாயின் நான் கேட்டது என்ன?

நம் முன்னோர் இவ்வினாவை அறியாதவரல்லர். மணிமேகலையின் இருபத்தேழாவது காதையிலே சமயவாதிகள் அளவைகளை அடுக்கி வாதிடுகின்றனர். சிவஞான சித்தியாரும் தன் சமயக் கொள்கையைச் சொல்லப் புகுமுன்னர், காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளை விளக்குகின்றது. காட்சியில் ஐயமும் திரிபும் நேரும் என்பதையும் எடுத்துச் சொல்கின்றது. அவர்களுடைய முடிபுகளை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மெய்யைப் பேசப் புகுமுன், மெய்யை அறியும் வழி எது என்று முதலிற் கேட்ட அந்த நேர்மையை ஏற்க வேண்டும். காட்சி என்பது உலகம் நம் புலனிற் பதிக்கும் முத்திரை மட்டுமன்று. நம் ஆசை, நாம் செலவிட்ட உழைப்பு, பிறர் சொல்லி வைத்த சொல் ஆகியனவும் அதிற் கலந்தே நிற்கின்றன. நான் அன்று தெளிவாகக் கேட்டதற்குக் காரணம், என்றுமில்லாத கவனத்தோடு கேட்டதே. அனுபவம் மெய். அதற்கு நான் கற்பித்த காரணமே பொய். அனுபவத்தை அனுபவித்தவன் கூறலாம். அதன் காரணத்தைக் கூற அவனுக்குத் தனியுரிமை இல்லை.

நண்பர் இதனை ஒப்பவில்லை. “இருக்கட்டுமே. கம்பியினால் ஒருவனுக்கு இன்பம் கிடைக்கிறது. அவன் காசு, அவன் காது. இதில் யாருக்கு நட்டம்?” என்றார். நேர்மையான கேள்விதான். அதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை வாணிபம் பற்றியது. மார்க்ஸ் தமது ‘மூலதன’த்தின் முதற் பாகத்தை 1867ஆம் ஆண்டில் வெளியிட்டார். மனிதர் தம்முள் கொண்டிருக்கும் உறவுகள், பண்டங்களுக்கே இயல்பாயமைந்த மாய சக்திபோல் தோற்றுகின்ற விந்தையை அந்நூலில் விளக்கினார். அதே 1867இலேதான் கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அதே ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். உலகெங்கும் கோப்பைகளில் மணக்கும் அந்தத் தேயிலையைக் கிள்ளிய விரல்களைக் குடிப்பவன் காண்பதில்லை. பெட்டியிலுள்ள பெயரையே காண்கிறான். ஆயிரம் டொலர்க் கம்பியும் அத்தகையதே. சுரங்கத்திலிருந்து செம்பைத் தோண்டியவனின் உழைப்பும், அதனை நாராக இழுத்தவனின் உழைப்பும் மலிவுக் கம்பியிலும் விலையுயர்ந்த கம்பியிலும் ஒருங்கே உள்ளன. விலை வேறுபாடோ பெரும்பாலும் நம்பிக்கையின் விலை. பொய்யான காரணத்தைச் சொல்லி ஒருவனிடம் பணம் பெறுவது, அவன் மகிழ்ந்தான் என்பதனாலேயே நியாயமாகிவிடாது.

இரண்டாவது விடை என்னைப் பற்றியது. அதைச் சொல்லுவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்றுண்டு: “தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு அவ்வளவாக ஏறாது, என் அனுபவத்தில் கண்டது.” நான் அதனை வாயாற் சொன்னதில்லை. எதிர்த்துப் பேசியும் இருக்கின்றேன். எனினும், அந்தப் பதினாறு விடைகளுக்குப் பின் ஓர் ஐயம் என்னைத் துளைக்கத் தொடங்கியது. கம்பியின் பெயர் தெரிந்தபோது என் காது வேறாகக் கேட்டதல்லவா? மாணவன் பெயர் தெரிந்திருக்கையில் என் கண் எவ்வாறு வாசிக்கின்றது?

தவணைப் பரீட்சைக் கட்டுரைகள் முப்பத்து நான்கு என்னிடம் இருந்தன. நான் முன்னர் இட்ட புள்ளிகள் தாளில் இல்லை, பதிவேட்டிலேயே இருந்தன. ஒரு மாதம் கழித்து, அந்த ஆசிரியையைக் கொண்டு பெயர்களின் மேல் தாள் ஒட்டச் செய்து, வரிசையைக் கலைத்து, இலக்கமிட்டு மீண்டும் திருத்தினேன். பெரும்பாலான கட்டுரைகளில் இரண்டு மூன்று புள்ளிகளே கூடியும் குறைந்தும் இருந்தன. நகரத்தில் வசதியான வீட்டுப் பையன் ஒருவனுக்கு ஏழு புள்ளி குறைந்தது. அவ்வகுப்பில் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அறுவர். அவர்களில் ஐவருக்குப் புள்ளி கூடியிருந்தது. ஒரு சிறுமிக்கு முன்பு 52 இட்டிருந்தேன். பெயரை மறைத்தபின் 63 இட்டேன்.

அறுவரைக் கொண்டு உலக நியதி ஒன்றை நிறுவ முடியாது. கையெழுத்தைக் கொண்டு சிலரை நான் இனங்கண்டிருக்கவும் கூடும். ஆதலின் என் சோதனை முழுமையானதன்று. எனினும் அந்தப் பதினொரு புள்ளிகளுக்கு நான் யாரிடம் கணக்குக் கூறுவேன்? அவள் கட்டுரையிலே நான் முதல்முறை ‘தெளிவின்மை’ என்று குறித்த இடத்தை, இரண்டாம் முறை ‘புதிய நோக்கு’ என்று குறித்திருந்தேன். எழுத்து அதேதான். மாறியது என் காட்சி. பொதுப் பரீட்சைகளில் விடைத்தாளில் பெயரை எழுத விடாமல் சுட்டெண்ணை மட்டும் எழுதச் செய்வது ஏதோ அலுவலகச் சடங்கு என்றே அதுவரை நினைத்திருந்தேன். அஃது என் விரியலாக்கியின் பின்னே தொங்கிய துணியைப் போன்றது. நல்லவர்களாலும் நீதி செய்ய முடியாமற்போகும் என்பதை அறிந்த ஒரு சமுதாயம் தனக்குத் தானே கட்டிக்கொண்ட திரை அது.

நண்பருக்கு நான் சொல்லும் இரண்டாவது விடை இதுதான். ‘என் காது சொல்லிற்று, அது போதும்’ என்னும் பழக்கம் இசையறையோடு நின்றுவிடுவதில்லை. கம்பியின் விஷயத்தில் தன் அனுபவத்தைச் சோதிக்க மறுப்பவன், மனிதர் விஷயத்திலும் மறுப்பான். அங்கே நட்டமடைவது அவன் பணப்பையன்று.

அச்சிறுமியின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை சென்றேன். ஹந்தானை மலைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயன் அது. மன்னிப்புக் கேட்கச் சென்றேன் என்று சொன்னால் அது பெருமை பேசுவதாகும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், பாடம் பற்றி விசாரிக்க வந்தவன்போல் அமர்ந்திருந்தேன். அவள் படிக்கும் மூலையிலே விளக்கொன்று தொங்கிற்று. அடுத்த காம்பராவிலிருந்து இரண்டிழைக் கம்பியொன்று, இரண்டிடங்களில் வெட்டி ஒட்டி, நாடா சுற்றி இழுக்கப்பட்டிருந்தது. அதன் நுனியில் பிளக் இல்லை. குதையின் மேல்துளையில் ஒரு பேனாவின் மூடியைச் செருகிக் கீழ்த்துளைகளின் கதவைத் திறந்து, வெறுங்கம்பிகளை உள்ளே விட்டுத் தீக்குச்சிகளால் இறுக்கியிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தபோது அவளுடைய தாய், “அந்தப் பக்கம் தொட்டுறாதீங்க, சேர். மழ நாள்ல சொவரே பிடிக்கும்” என்றார்.

சுவரே பிடிக்கும்! அந்தச் சொல்லைக் கேட்டபோது என் நூலுறைக் கம்பி என் நினைவில் வந்தது. அடுத்த வாரமே நல்ல மூவிழைக் கம்பியும் பிளக்கும் கொண்டு அங்கே மீண்டும் சென்றேன். உடன் வந்த மின்வேலைக்காரர் குதையைக் கழற்றிப் பார்த்தார். உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் இருந்தன. மூன்றாம் துளைக்குப் பின்னே ஒன்றுமில்லை. சுவருக்குள் புவிக்கம்பியே இழுக்கப்படவில்லை. எவ்வளவு திருத்தமாக நான் ஒரு கம்பியைச் செய்து கொடுத்தாலும், அந்த வீட்டில் அதன் மூன்றாமிழை எங்கும் சென்று சேராது.

இசைக்கு எவ்விதத்திலும் பயன்படாத இழை அது. எல்லாம் ஒழுங்காயிருக்கும் வரையில் அதில் மின்சாரம் ஓடுவதில்லை. அதனைச் சேர்த்ததனால் ஒலி இனித்தது என்று எவரும் பெருமை பேசுவதில்லை. ஏதோவொரு நாள் உயிர்க்கம்பி கழன்று கருவியின் உலோக உடலைத் தொடுமானால், மின்னோட்டத்தை மண்ணுக்குள் இறக்கி, உருகியை உருகச் செய்து, மனிதனை உயிரோடு விடுவதே அதன் வேலை. 30 மில்லியம்பியர் கசிந்தாலே மின்னைத் துண்டித்துவிடும் ‘ட்ரிப் சுவிட்ச்’ ஒன்றும் உடனிருந்தால் காவல் இரட்டிப்பாகும். இவ்விரண்டும் தனி மனிதரின் தயவினால் வரக்கூடியவையல்ல. வீடு ஒழுங்காகக் கட்டப்பட வேண்டும். அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அப்பொறுப்பைக் கேட்டுப் பெறும் உரிமை குடியிருப்போருக்கு வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் போராடி அவ்வுரிமையை மீட்ட மக்கள் இவர்கள். தலைமுறை தலைமுறையாக இம்மண்ணைக் கொத்தியவர்களின் சுவரில் மண்ணைத் தொடும் கம்பி இல்லை என்பதை எந்த அளவையால் நியாயப்படுத்துவது?

நம் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள். விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த நீர்மின் திட்டம், 1950இல் லக்ஷபானையில் நனவாயிற்று. பொல்கொல்லையில் மறித்துத் திருப்பப்பட்ட மகாவலி, 1976 முதல் உக்குவலையில் சுழலியை ஓட்டுகின்றது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமானது. அதன் மின்நிலையம் 210 மெகாவாற்று ஆற்றலுடையது. அந்த நீரின் கீழே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கின்றது. மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கீழே பழைய மஸ்கெலியா கிடக்கின்றது. மலையகத்தின் ஆறுகளிலிருந்தும் அமிழ்ந்த ஊர்களிலிருந்தும் பிறந்த ஒளி, அம்மலைகளிலேயே உள்ள லயன்களுக்குப் பல பத்தாண்டுகள் பிந்தியே வந்தது. தேயிலை ஆலையின் இயந்திரங்களுக்கு மின்விசை கிடைத்த காலத்திலும் அதன் அருகிலிருந்த லயன்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது நகரத்தார் நாம் எவ்வளவு துடித்தோம்! அந்த இருளுக்கு நம் நாட்டில் வயது மிக அதிகம் என்பதை அன்றும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள அந்தப் பெருங்கம்பியின் கடைசி ஐந்தடியைப் பொன்போல் போற்றினால் முழுவதும் தூய்மையாகிவிடும் என்று நான் நம்பினேன். மின்சாரத்தைப் பற்றிய அறியாமை மட்டுமன்று இது. நம் மத்தியதர வர்க்கத்தின் அறவுணர்ச்சியே பெரும்பாலும் இத்தகையதுதான். தன் வீட்டுக்குள் வரும் கடைசி ஐந்தடியையே அது சுத்தம் செய்கின்றது.

இசை கேட்பது குற்றம் என்று நான் முடிக்கவில்லை. வறுமை தீரும்வரை எவரும் நாதசுரம் கேட்கக் கூடாது என்னும் வறட்டு நியாயம் உழைப்பவருக்கே உவப்பாகாது. அச்சிறுமியின் தந்தை தப்பு அடிப்பதில் வல்லவர்; கலையின் அருமையை அவர் என்னிடம் கற்க வேண்டியதில்லை. என் கம்பியையும் நான் கழற்றி எறியவில்லை. அது நன்றாகச் செய்த கம்பி, பாதுகாப்பான கம்பி. அதன் மெய்யான பெறுமதி அதுவே. இல்லாத பெருமையை அதன்மேல் நானே ஏற்றினேன்.

இப்போது சனிக்கிழமைகளில், தரம் பத்து மாணவர்களுக்கு அந்த ஆசிரியை பிளக் பொருத்தக் கற்பிக்கின்றார். நான் உடனிருந்து கம்பி சீவிக் கொடுக்கின்றேன். சுவருக்குள் உள்ள கம்பிகளில் கைவைப்பது பயிற்சி பெற்ற மின்வேலைக்காரரின் தொழில் என்பதையும், தம் வீட்டிலே மூன்றாம் துளைக்குப் பின் கம்பி உண்டா என்று கேட்பது தம் உரிமை என்பதையும் மாணவர் சேர்த்தே கற்கின்றனர். அந்த லயனின் குடியிருப்பாளர் புவிக்கம்பி கோரித் தோட்ட நிருவாகத்துக்கு எழுதிய கடிதத்தின் தமிழை நான் திருத்திக் கொடுத்தேன். திருத்துவதற்கு அதிகம் இருக்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை. மறுகடிதம் தயாராகின்றது.

தவணைக் கட்டுரைகளை இப்போது பெயர் மறைத்தே திருத்துகின்றேன். ஆசிரியர் அறையில் சிலர் சிரிக்கின்றனர். “உங்கள்மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா, மாஸ்டர்?” என்று ஒருவர் கேட்டார். இவ்விஷயத்தில் இல்லை என்றேன். அவரும் ஒருமுறை பதினாறு தடவை கேட்டுப் பார்க்கலாம். துணி என்னிடம் இருக்கின்றது.